வாக்குச்சீட்டில் ஏறாத விலை

2015-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஜாகெக்ஸ் நிறுவனம் தன் இணைய விளையாட்டில் கடலோட்டம் என்ற புதிய திறனைச் சேர்க்கலாமா என்று அதை ஆடுகிறவர்களிடம் வாக்குக் கேட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சேர்க்கலாம் என்றனர். ஆனாலும் திட்டம் தோற்றது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் ஒப்புக்கொள்ளாத எதுவும் அந்த ஆட்டத்துக்குள் வர முடியாது என்பது அன்றைய விதி. 2019-இல் ‘வார்டிங்’ என்ற இன்னொரு திறனும் இதேபோலப் பெரும்பான்மை பெற்றும் தோற்றது. இந்திய அரசமைப்பின் பெரும்பாலான பிரிவுகளைத் திருத்தக்கூட, அவையில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் இருந்தால் போதும். எலும்புக்கூடுகளோடு சண்டைபோட்டு, மரம் வெட்டி, மீன் சுட்டுத் தின்னும் ஒரு கற்பனை உலகத்தின் சட்டம் அதைவிடக் கடுமையாக இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் பெயர் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். இணைய விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மக்களாட்சி நடக்கும் விளையாட்டு’ என்று இதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். அது பொய்யல்ல. ஆனால் எவையெவை வாக்குக்கு விடப்பட்டன, எவை விடப்படவில்லை என்று பட்டியலிட்டுப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. எந்த வாள் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதற்கு வாக்கு உண்டு; மாதச் சந்தா எவ்வளவு என்பதற்கு இல்லை. நிறுவனம் யார் கைக்குப் போகிறது என்பதற்கும் இல்லை. அந்த இடங்களில் ஆட்டக்காரர்கள் வென்றபோதெல்லாம் வென்றது வாக்கால் அல்ல. சந்தாவை நிறுத்திக்கொண்டு வெளியேறும் பலத்தாலும், கூலி வாங்காமல் அவர்களே கட்டிவைத்த கருவிகளின் பலத்தாலும்தான். இந்தக் கட்டுரை அந்த எல்லைக்கோட்டைப் பற்றியது.

மூல ஆட்டமான ரூன்ஸ்கேப் 2001 ஜனவரி 4 அன்று வெளியானது. எழுதியவர் ஆண்ட்ரூ கோவர். உடனிருந்து உழைத்தவர் அவர் சகோதரர் பால் கோவர். ஜாவா மொழியில் எழுதப்பட்டு, இணைய உலாவிக்குள்ளேயே ஓடிய ஆட்டம் அது. குறுந்தட்டு வாங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், விலையுயர்ந்த கணினியும் வேண்டாம். பள்ளி நூலகத்துக் கணினியில் ஆசிரியர் பார்க்காதபோது திறந்து ஆடலாம். அடுத்த ஆண்டே சந்தா முறை வந்தது: இலவசமாக ஆடுபவர்களுக்கு உலகத்தின் ஒரு பகுதி, பணம் கட்டுபவர்களுக்கு முழு உலகம். 2012-இல் கணக்குத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை 20 கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. ஒருவரே பல கணக்கு வைத்திருப்பது சாதாரணம் என்பதால் அத்தனை கோடி மனிதர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் மேற்கு நாடுகளில் ஒரு தலைமுறைக்கு இது முதல் இணைய உலகமாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்த ஆட்டத்தின் நாடித்துடிப்பு 0.6 விநாடி. சர்வர் ஒவ்வொரு 0.6 விநாடிக்கும் ஒருமுறைதான் உலகத்தைக் கணக்கிட்டுப் புதுப்பிக்கிறது. ஒரு நடை, ஒரு வெட்டு, ஒரு கொத்து எல்லாம் அந்தத் தாளத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஆடுகிறவர்கள் இதை ‘டிக்’ என்கிறார்கள். மெதுவான தொலைபேசி இணைப்புக் காலத்துக்குப் பொருத்தமான இந்த ஏற்பாடு, பின்னாளில் எதிர்பாராத கலையொன்றைப் பெற்றெடுத்தது. எதிரியின் அடியைத் தடுக்கும், ஆனால் புள்ளிகளைத் தின்னும் ‘பாதுகாப்பு வேண்டுதல்’ ஒன்று ஆட்டத்தில் உண்டு; அதை ஒரே டிக்குக்குள் அணைத்து மறுபடி ஏற்றினால், காப்பு கிடைக்கும். ஆனால் வேண்டுதல் புள்ளி குறையாது. நிரலில் இருந்த ஓட்டை இது என்று சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் பழகி இதைச் செய்கிறவர்கள் திறமை என்கிறார்கள். வேறொரு நிறுவனம் ஒரே அப்டேட்டில் அடைத்திருக்கக்கூடிய ஓட்டை இங்கே மரபாகிவிட்டது. எது குறை, எது பண்பு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எழுதியவர்களிடமிருந்து ஆடியவர்களுக்குக் கை மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கை மாறிய கதை 2007-இல் தொடங்குகிறது. ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டங்கள் அப்போது பெருகியிருந்தன. அவர்களில் பலர் திருட்டுக் கடன் அட்டைகளால் சந்தா கட்டினார்கள். அட்டைக்கு உரியவர்கள் புகார் செய்ததும் வங்கிகள் பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டன. இந்த நிலை நீடித்தால் அட்டை மூலம் பணம் வாங்கும் வசதியே பறிபோகும் என்று நிறுவனம் அஞ்சியது. 2007 டிசம்பரில், ஒருவரையொருவர் கொன்று பொருளைப் பறிக்க இடம்கொடுத்த ‘வைல்டர்னஸ்’ என்ற பகுதியில் அந்த வேட்டையை நிறுத்தியது. 2008 ஜனவரியில், ஏறக்குறைய சமமதிப்பு இல்லாத எந்தக் கொடுக்கல் வாங்கலும் செல்லாது என்றது. நண்பனுக்கு ஒரு கவசத்தைச் சும்மா கொடுக்க முடியாத உலகமாக அது மாறியது. ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள்ளேயே திரண்டு நின்று முழக்கமிட்டார்கள். பலர் போய்விட்டார்கள்.

நோயைவிட மருந்து கடுமையாக இருந்தது என்பதை நிறுவனம் ஏற்க மூன்று ஆண்டு பிடித்தது. பழையபடி வேட்டையும் தடையற்ற வணிகமும் வேண்டுமா என்று கேட்டு நடத்திய வாக்கெடுப்பில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 91 விழுக்காடு ‘வேண்டும்’. 2011 பிப்ரவரி 1 அன்று இரண்டும் திரும்பின. கேட்டால் பதில் வரும், பதிலுக்கு மதிப்புக் கொடுத்தால் ஆள் திரும்பி வருவார் என்று நிறுவனம் அப்போது கற்றிருக்க வேண்டும். கற்றதை உடனே மறந்தது. 2012-இல் பணம் கட்டிச் சக்கரம் சுழற்றும் சூதாட்டப் பாணிப் பரிசு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று சண்டை முறையையே அடியோடு மாற்றிய அப்டேட் வந்தது. ஒரு சொடுக்கில் ஓடிக்கொண்டிருந்த சண்டை, பல பொத்தான்களை வரிசைப்படுத்தி அழுத்தும் வித்தையாயிற்று. அது மோசமான வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த மற்ற ஆட்டங்களுக்கு நிகராக நிற்கும் முயற்சி அது. ஆனால் பத்தாண்டுகளாகக் குடியிருந்தவர்களை எழுப்பி, வீட்டுத் தளத்தைத் தோண்டியதைப் போலிருந்தது. சந்தாக்கள் சரிந்தன.

இங்கே ஒரு தற்செயல் குறுக்கிடுகிறது. 2007 ஆகஸ்ட் 10 தேதியிட்ட முழு நிரலின் நகல் ஒன்று நிறுவனத்தின் சேமிப்பில் கிடைத்தது. வேட்டை நிறுத்தப்படுவதற்கு நான்கு மாதம் முந்தைய உலகம் அப்படியே அதில் இருந்தது. 2013 பிப்ரவரியில் நிறுவனம் அதைத் திறக்கலாமா என்று கேட்டது. கேட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஆம், இல்லை’ என்ற கேள்வியாக இல்லாமல், எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படிகள் வைத்திருந்தார்கள்: 50,000 வாக்கு வந்தால் திறப்போம், ஆனால் வழக்கமான சந்தாவுக்கு மேல் கூடுதல் கட்டணம் உண்டு, 2,50,000 வந்தால் கூடுதல் கட்டணம் குறையும், 5,00,000 வந்தால் கூடுதல் கட்டணமே இல்லை. பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் சர்வர்கள் திறந்தன. வாக்குப்பதிவு முடிந்தபோது விழுந்திருந்தவை 4,49,351. மூன்றாம் படிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் கூடுதல் கட்டணத்தை நிறுவனம் விட்டுக்கொடுத்தது.

ஆக, பின்னாளில் மக்களாட்சி என்று புகழப்பட்ட ஏற்பாட்டின் முதல் வாக்கெடுப்பு விலையைப் பற்றியது. கூட்டமாக வந்து வாங்கினால் விலை குறையும் என்ற பேரம் அது. அதற்குப் பிறகு சந்தா விலை வாக்குச்சீட்டுப் பக்கம் வந்ததில்லை.

திறந்த பழைய உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களே இருந்தார்கள். ஆறு மாதத்தில் ஏக்கம் தீர்ந்து ஆட்கள் போய்விடுவார்கள் என்று வெளியே பலர் நினைத்தார்கள். புதிதாக ஒன்றும் சேர்க்காவிட்டால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் சேர்க்கப்போனால், சேர்த்துச் சேர்த்துக் கெடுத்த நிறுவனத்தை யார் நம்புவார்கள்? 75 விழுக்காடு என்ற வாசல்படி இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வந்தது. அதை நல்லெண்ணத்தின் அடையாளமாகப் பார்ப்பதைவிட, நம்பிக்கை இழந்த கடனாளி எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரமாகப் பார்ப்பது பொருந்தும் என்பது என் கருத்து.

வாக்கெடுப்பு நடக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு அமைந்துவிட்டது. வடிவமைப்பாளர்கள் ஒரு முன்மொழிவை விரிவாக எழுதி வெளியிடுவார்கள். சில மணி நேரத்துக்குள் ரெடிட் தளத்தில் அதற்கென இருக்கும் குழுவில் அலசல் தொடங்கிவிடும். அந்தக் குழுவின் பெயரிலேயே 2007 என்ற ஆண்டு இருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள், புதிய வில் எந்த எதிரியிடம் எவ்வளவு சேதம் செய்யும் என்று அட்டவணை போட்டு, வடிவமைப்பாளர்கள் கவனிக்காத கோளாறைக் காட்டுவார்கள். ட்விட்ச் தளத்தில் நேரலையில் ஊழியர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். முன்மொழிவு திருத்தப்படும், சில நேரம் இரண்டு மூன்று முறை. இறுதியில் ஆட்டத்துக்குள் இருக்கும் வாக்குச்சாவடியில், சந்தா கட்டியவர்கள் போய் வாக்களிப்பார்கள். பெட்டி மூடும்வரை முடிவு தெரியாதபடி பின்னாளில் மறைத்தார்கள். ஜெயிக்கிற பக்கம் சாயும் வழக்கம் மனிதருக்கு எங்கும் உண்டு.

வடிவமைப்பாளர்களில் ஆஷ்லி பிரிட்ஜஸ் என்பவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மாட் ஆஷ்’ என்ற பெயரில் ட்விட்டரில் ஆட்டக்காரர்கள் கேட்ட எண்ணற்ற கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள், இந்த ஆட்டத்தின் உள்வேலைகளைப் பற்றிய ஒரு பெரிய வாய்மொழி ஆவணமாகவே ஆகிவிட்டன. ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, ஒரு கதாபாத்திரம் ஏன் இப்படிப் பேசுகிறது என்பதற்கெல்லாம் விக்கிப் பக்கங்களின் அடிக்குறிப்பில் அவர் ட்வீட்டைச் சான்றாகக் காட்டுவார்கள். நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட தனிமனிதர்கள்மீது இருந்த நம்பிக்கைதான். அது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2018-இல் ஓர் ஊழியர் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆட்டக்காரர்களின் கணக்குகளிலிருந்து தங்கத்தையும் பொருள்களையும் களவாடியது வெளிப்பட்டு, அவர் நீக்கப்பட்டார். அந்த ஒரு நிகழ்வு கிளப்பிய சந்தேகம் பல வாக்கெடுப்புகளால் ஈட்டிய நம்பிக்கையைக் கரைத்தது.

வாக்கெடுப்பு எதைச் சாதித்தது? முதலில், அவசரத்தைத் தடுத்தது. எல்லோரும் ஒரே இடத்தில் விலை சொல்லிப் பொருள் விற்கும் ‘கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்’ சந்தை 2007 நவம்பரில் மூல ஆட்டத்துக்கு வந்தது. நகல் அதற்கு மூன்று மாதம் முந்தையது என்பதால் பழைய உலகத்தில் அது இல்லை. சந்தை வேண்டுமா என்ற கேள்வி அங்கே உள்நாட்டுப் போருக்கு ஒப்பானது. தெருவில் நின்று கூவி விற்பதும், பேரம் பேசுவதும், ஏமாறுவதும்தான் ஆட்டத்தின் உயிர் என்றது ஒரு கட்சி. ஒரு பை சுறா மீன் வாங்க அரைமணி நேரம் தட்டச்சு செய்யச் சொல்வது உயிர் அல்ல, வதை என்றது இன்னொரு கட்சி. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2015 பிப்ரவரியில் சந்தை திறந்தது. இன்று அது இல்லாத ஆட்டத்தை யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. இரண்டாவது, சேர்க்கப்பட்டவை மெல்ல மெல்ல நிறைந்து, பழைய உலகம் பழையதாகவே இல்லாமல் போனது. 2016-இல் முழுக்கண்டம் ஒன்று வந்தது, 2018 அக்டோபரில் கைபேசியில் அதே உலகம் வந்தது, 2024-இல் இன்னொரு பெருநிலம் வந்தது. 2007-இன் நகல் என்ற பெயரில் 2007-இல் இல்லாதவைதான் இன்று பெரும்பகுதி. மாறாமல் காக்கப்பட்டது நிலப்படமோ பொருள்களோ அல்ல. கேட்காமல் மாற்றமாட்டார்கள் என்ற உறுதி.

அந்த உறுதிக்குள் ஓட்டைகளும் உண்டு. எல்லோரும் எல்லாவற்றுக்கும் வாக்களிக்கலாம் என்றால், வைல்டர்னஸ் பக்கம் காலே வைக்காத பெருங்கூட்டம், அங்கே வேட்டையாடும் சிறு கூட்டத்துக்கான மாற்றங்களை வாக்கால் கொன்றுவிடும். கொன்றது. தன்னை என்றோ ஒருநாள் வழிமறித்துக் கொன்று பொருளைப் பறித்தவனுக்கு நான் ஏன் நல்லது செய்ய வேண்டும் என்ற மனநிலை அது. ‘வன்ம வாக்கு’ என்று அவர்களே பெயர் வைத்தார்கள். பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கும் பழைய சிக்கல், கற்பனை உலகத்தில் அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது. ஆட்டத்தின் நேர்மையைக் காக்கும் மாற்றங்களை வாக்கெடுப்பு இல்லாமலே செய்வோம் என்று நிறுவனம் ஒரு விதிவிலக்கை உருவாக்கிக்கொண்டது. விதிவிலக்கின் எல்லை எது என்பதில் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

2017 ஜூனில் வேறொரு சோதனை. பாலினச் சிறுபான்மையினரின் பெருமித மாதத்தை ஒட்டி, வானவில் நிறச் சால்வை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கும் சிறு நிகழ்வை நிறுவனம் வாக்குக் கேட்காமல் ஆட்டத்தில் வைத்தது. எதிர்ப்பாளர்கள் ஆட்டத்துக்குள் ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலர் எடுத்த வாதம், ‘இதை ஏன் வாக்குக்கு விடவில்லை?’ என்பது. விழா நிகழ்வுகள் வழக்கமாக வாக்குக்கு விடப்படுவதில்லை. நிறுவனம் பின்வாங்கவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நடைமுறைமீது பற்று என்ற போர்வையில் வெறுப்பு எப்படி வந்து உட்காரும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. வாக்கெடுப்பு இல்லாத ஒரு நிறுவனத்துக்கு அந்தப் போர்வையே கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வாக்குச்சாவடிக்கு வெளியே வருவோம். அங்கேதான் இந்த ஆட்டத்தின் இன்னொரு பாதி இருக்கிறது.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை விக்கி இல்லாமல் ஆடுவது அரிது. ஆயிரக்கணக்கான பொருள்கள், ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும், எதனோடு சேர்த்தால் என்ன ஆகும், ஒரு சாகசத்தை முடிக்க என்ன வேண்டும் என்பதெல்லாம் ஆட்டத்துக்குள் சரியாகச் சொல்லப்படுவதில்லை. தன்னார்வலர்கள் எழுதிய கலைக்களஞ்சியம்தான் கைவிளக்கு. அந்தக் களஞ்சியம் தொடக்கத்தில் விக்கியா என்றும் பிறகு ஃபேண்டம் என்றும் பெயர்பெற்ற வணிகத் தளத்தில் இருந்தது. எழுதுவது தொண்டர்கள், விளம்பர வருமானம் தளத்துக்கு. பக்கங்களில் விளம்பரமும் தானாக ஓடும் காணொளியும் பெருகி, படிப்பதே சிரமமானது. 2018 அக்டோபர் 2 அன்று ரூன்ஸ்கேப் விக்கியின் தொண்டர்கள் மொத்தமாக அங்கிருந்து கிளம்பித் தனித் தளம் அமைத்தார்கள். ஜாகெக்ஸ் அவர்களுக்கு ஆதரவு கொடுத்தது. விக்கி நடத்தத் தொண்டர்களே தொடங்கிய ‘வியர்டு குளூப்’ என்ற அமைப்பு பின்னாளில் மைன்கிராஃப்ட் விக்கியையும், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விக்கியையும் ஏற்று நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. ஆட்டத்தின் திரையிலேயே விக்கியைத் திறக்கும் பொத்தான் இன்று இருக்கிறது. இணையத்தின் பெரிய விக்கித் தளம் ஒன்றை எதிர்த்து வெளியேறிப் பிழைத்துக்காட்டியவர்கள், ஒரு விளையாட்டின் உரைவிளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ரூன்லைட்டின் கதை அவ்வளவு இனிமையாகத் தொடங்கவில்லை. அது ஆட்டத்தைத் திறக்கும் மென்பொருள், நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்கள் எழுதியது. நிரல் எல்லோருக்கும் திறந்தது. தரையில் கிடக்கும் பொருளின் விலையைக் காட்டும், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதைக் கோடிட்டுக் காட்டும், அடுத்த டிக் எப்போது என்று சொல்லும். 2018-இல் அதை மூடச்சொல்லி நிறுவனம் சட்ட மிரட்டல் விடுத்தது. திறந்த நிரலை எடுத்துத் தானியங்கி ‘பாட்’கள் செய்துவிடுவார்கள் என்ற அச்சம் காரணம். ஆட்டக்காரர்களின் கொதிப்பைப் பார்த்து நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு இறங்கியது, ரூன்லைட் பிழைத்தது. 2021 செப்டம்பரில் மறுபடியும். ஆட்டத்தின் ஒளியமைப்பையும் நிழலையும் உயர்தரத்துக்கு மாற்றும் ஒரு செருகுநிரலை ஒருவர் தன் சொந்த நேரத்தில் நீண்டகாலம் உழைத்து உருவாக்கியிருந்தார். வெளியிடப்போகும் நேரத்தில், நாங்களே அப்படி ஒன்று செய்கிறோம், நிறுத்துங்கள் என்றது நிறுவனம். ஆட்டத்துக்குள் கூட்டம் கூடியது. வெளியே சந்தாவை ரத்துசெய்த திரைப்பிடிப்புகள் ரெடிட்டை நிரப்பின. சில நாட்களில் நிறுவனம் அனுமதி கொடுத்தது.

இந்த இரண்டு தடவையும் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. முடிவை மாற்றியது சந்தாதாரரின் கைப்பை. இதற்குச் சட்ட ஏற்பாடு எதுவும் இல்லை, விழுக்காட்டு வரம்பு இல்லை, சாவடி இல்லை. ஆனால் வில்லின் சேதப் புள்ளியைவிடப் பெரிய விஷயங்கள் இப்படித்தான் தீர்ந்திருக்கின்றன.

கைப்பை இல்லாதவர்கள்? பழைய கணினியிலும் மெதுவான இணைப்பிலும் ஓடும் ஆட்டம் என்று முன்பு சொன்னேன். வெனிசுவேலாவின் பொருளாதாரம் நொறுங்கியபோது, உள்ளூர்ப் பணத்தில் வேலை செய்வதைவிட ரூன்ஸ்கேப் தங்கம் சேர்த்து டாலருக்கு விற்பது லாபம் என்று பலர் கண்டுகொண்டார்கள். வைல்டர்னஸில் பச்சை டிராகன்களைக் கொன்று எலும்பும் தோலும் சேர்ப்பது அதற்கு ஒரு வழி. 2017-இல் ரெடிட்டில் ஒருவர், அங்கே உழைக்கும் வெனிசுவேலாக்காரர்களை எப்படி அடையாளம் கண்டு கொல்வது என்று வழிகாட்டி எழுதினார். ஆட்டத்துக்குள் கொல்வதைத்தான் சொன்னார்; ஆனால் கொல்லப்பட்டவருக்குப் போனது அன்றைய சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். ஆட்டத் தங்கத்தை விற்பது விதிமீறல், கணக்கு முடக்கப்படும். 2007-இல் இதே தங்க விற்பனையை ஒழிக்கத்தான் ஆட்டத்தையே உடைத்தார்கள். அப்போது விற்றவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்வது எளிதாக இருந்தது. பத்தாண்டு கழித்து விற்றவரின் வீட்டில் ரொட்டி இல்லை. எந்த முன்மொழிவும் அவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் எப்படித் தோற்றிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

நிறுவனத்தின் கைமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ கோவர் விலகிவிட்டார். அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பங்கு வைத்திருந்தன. 2016-இல் சீனாவின் சுரங்க நிறுவனம் ஒன்று வாங்கியது. கனிமம் தோண்டுவதை ஒரு திறனாகக் கொண்ட ஆட்டத்துக்கு இது பொருத்தம் என்று ஆட்டக்காரர்கள் கேலி பேசினார்கள். 2021-இல் கார்லைல் குழுமம். 2024-இல் சிவிசி, ஹேவலி என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள். இவர்களில் ஒருவரைக்கூட ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கடன் வாங்கி நிறுவனம் வாங்கி, சில ஆண்டுகளில் விலையேற்றி விற்பது இத்தகைய முதலீட்டுக் குழுமங்களின் தொழில். சந்தா உயர்ந்துகொண்டே வந்ததற்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

2025 ஜனவரியில் அந்த அழுத்தம் வெளியே தெரிந்தது. சில ஆட்டக்காரர்களுக்கு ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பப்பட்டது. சந்தாவைப் பல அடுக்காகப் பிரித்தால் எதை வாங்குவீர்கள் என்று கேட்டது அது. மலிவான அடுக்கில் ஆட்டத்துக்குள் விளம்பரம் காட்டுவதும், அதிகம் கட்டுபவருக்குக் கூடுதல் சலுகையும் அந்தக் கற்பனை அடுக்குகளில் இருந்தன. கவனியுங்கள்: இது வாக்கெடுப்பு அல்ல. வாக்கெடுப்பு ‘செய்யட்டுமா’ என்று கேட்கும், 70 விழுக்காடு இல்லையென்றால் நிற்கும் (2022-இல் வாசல்படியை 75-லிருந்து 70-க்கு இறக்கியிருந்தார்கள்). கருத்துக்கணிப்பு ‘எவ்வளவு தாங்குவீர்கள்’ என்று அளந்து பார்க்கும். இரண்டு கேள்விகளும் ஒரே நிறுவனத்திடமிருந்து, ஒரே மக்களுக்கு வந்தன. கேட்கப்பட்டவர்கள் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டார்கள். சந்தா ரத்துகள் குவிந்தன. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பில் மான்செல் மன்னிப்புக் கேட்டு, அந்தத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அதே ஆண்டில் ஜான் பெல்லமி அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு நிகழ்வுகள். முதலாவது கடலோட்டம். பலமுறை புதிய திறன்கள் தோற்றதிலிருந்து பாடம் கற்ற வடிவமைப்பாளர்கள் இம்முறை தலைகீழாகத் தொடங்கினார்கள். முதலில் எந்தத் திறன் என்று சொல்லாமல், பொதுவாகப் புதிய திறன் ஒன்று வேண்டுமா என்று கேட்டார்கள். ஒப்புதல் கிடைத்ததும் 2023-இல் கடலோட்டம், விலங்குகளைப் பழக்குதல், ஷாமனியம் என்ற மூன்றைப் போட்டிக்கு விட்டார்கள். ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாகக் கேலிப்பொருளாக உலவிய கடலோட்டமே தேர்வானது. பிறகு அதன் வடிவத்தைத் தீர்மானித்து இன்னொரு வாக்கெடுப்பு. பொதுச் சோதனைகள். 2025 நவம்பர் 19 அன்று கப்பல்கள் கடலில் இறங்கின. ஓல்டு ஸ்கூல் உலகம் பிறந்த நாளிலிருந்து அதற்குள் வந்த முதல் புதிய திறன் அதுதான். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. மெதுவான முறை என்று குறைசொல்லலாம். 2012-இன் சண்டை மாற்றம் எவ்வளவு வேகமாக வந்தது, எவ்வளவு வேகமாக ஆளை விரட்டியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சகோதர ஆட்டமான புதிய ரூன்ஸ்கேப்பில் நடந்தது. 2012-இன் பரிசுச் சக்கரம் பெயரும் உருவமும் மாறி ‘டிரெஷர் ஹன்டர்’ என்று அங்கே வேரூன்றியிருந்தது. நிறுவனத்துக்கு வருமானம் தரும் ஏற்பாடு. ஒரு லட்சம் வாக்குகள் விழுந்தால் அதை எடுத்துவிடுகிறோம் என்று பெல்லமியின் தலைமையில் நிறுவனம் அறிவித்தது. விழுந்தன. 2026 ஜனவரியில் அது அகற்றப்பட்டது. 2013-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு வருமான வழியே வாக்குக்கு வந்தது என்று அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. கேள்வியின் வடிவமும் 2013-ஐ ஒத்திருந்தது: விழுக்காடு இல்லை, எண்ணிக்கைதான்; இத்தனை பேர் வந்தால் இது. ஆண்டுக்கணக்கில் அந்தச் சக்கரத்தால் விலகிப்போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்து சந்தா கட்டுவார்கள் என்பதை அறிய நிறுவனத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை. மாதச் சந்தாவின் தொகை அந்தச் சீட்டிலும் இல்லை.